கட்டுப்படியாகும் எஞ்சின் யாருக்குக் கட்டுப்படியானது? கேரளக் கடற்கரையின் மண்ணெண்ணெய் வரலாறு

சிறிய மீன்பிடிப் படகுக்குக் கட்டுப்படியாகும் எஞ்சின் எது? கேட்பதற்கு இது கடைவாசலிலேயே முடிந்துவிடும் கேள்வி. கையிருப்புப் பணம், படகின் நீளம், கடைக்காரர் சொல்லும் விலை ஆகிய மூன்றையும் வைத்து விடை கண்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் 1980களின் தொடக்கத்தில் கேரளத்து வள்ளக்காரர்கள் இக்கேள்விக்கு அளித்த விடை, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அக்கரையின் கடனையும் கூலியையும் அரசியலையும் பெருமளவு தீர்மானித்தது. 'கட்டுப்படி' என்னும் சொல்லைக் கேட்டவுடன் 'யாருக்கு' என்று கேட்டாக வேண்டும் என்பதற்கு அந்த வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கதை நார்வேயிலிருந்து தொடங்குகிறது. 1952 அக்டோபரில் இந்திய அரசும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் செயற்படத் தொடங்கியது. மீனவர்கள் ஏற்கெனவே கையாண்டுவந்த கலங்களில் எஞ்சினைப் பொருத்துவதே அதன் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்கள் டீசல் எஞ்சினின் எடையையும் அதிர்வையும் தாங்க ஏற்றவையாக இல்லை. எனவே அம்முயற்சி கைவிடப்பட்டு, எஞ்சினுக்கு ஏற்றவாறு 22 முதல் 25 அடி வரையிலான புதிய படகுகள் வடிவமைக்கப்பட்டன. 1960களில் இறால் ஏற்றுமதி பெருகியபோது அப்படகுகளின் வழித்தோன்றல்கள் இழுவலைப் படகுகளாக மாறின. கலத்துக்கேற்ற எஞ்சினைத் தேடுவதா, எஞ்சினுக்கேற்ற கலத்தைக் கட்டுவதா என்ற கேள்விக்கு அரசு அன்று தேர்ந்தெடுத்தது இரண்டாம் வழியை. முதல் வழி கால் நூற்றாண்டு காலம் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது.

இந்தப் பிளவு மொழியிலும் பதிந்திருக்கிறது. இந்திய மீன்வளப் புள்ளிவிவரங்கள் கலங்களை மூன்றாகப் பிரிக்கின்றன. ஓட்டத்துக்கும் வலையிழுப்புக்கும் எஞ்சினைப் பயன்படுத்துபவை 'இயந்திரமயமானவை'. ஓட்டத்துக்கு மட்டும் எஞ்சின் உடையவை 'மோட்டார் பொருத்தியவை'. எஞ்சினே இல்லாதவை மூன்றாம் வகை. 2010ஆம் ஆண்டுக் கடல் மீன்வளக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,94,490 கலங்கள் பதிவாயின. அவற்றுள் 72,559 முதல் வகை, 71,313 இரண்டாம் வகை, 50,618 மூன்றாம் வகை. தமிழில் நாம் முதல் வகையை 'விசைப்படகு' என்கிறோம். இரண்டாம் வகைக்கோ தனிச்சொல் இல்லை. எஞ்சின் ஏறிய பின்னும் அது 'நாட்டுப்படகு'தான். இவ்வழக்கைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. எஞ்சின் வந்த பின்னும் அக்கலத்தின் சமூக இடம் மாறவில்லை என்ற உணர்வு அதில் இருக்கிறது.

அந்த இரண்டாம் வகை கேரளத்தில் பெருகியதற்கு உடனடிக் காரணம் இழுவலைப் படகுகளே. 1970களில் கரையோர நீரில் அவற்றின் எண்ணிக்கை கூடக்கூட, துடுப்பும் பாயும் மட்டுமே கொண்ட வள்ளங்களின் பிடிப்பு சரிந்தது. மீன் கூட்டத்தை எட்டிப் பிடிக்கவும், இழுவலைப் படகுகளுக்கு ஈடுகொடுக்கவும், சந்தைக்கு நேரத்தோடு திரும்பவும் வேகம் தேவைப்பட்டது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய வெளிப்பொருத்து எஞ்சின்களின் வருகை சில ஆண்டுகளிலேயே அலையாக மாறியது. 1980இல் இயற்றப்பட்ட கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1988இல் தொடங்கிய மழைக்கால இழுவலைத் தடை ஆகியவற்றுக்காக நடந்த போராட்டங்களும் இதே பத்தாண்டுக்குரியவை. சட்டத்தின் வழியாக ஒரு பாதுகாப்பையும் எஞ்சினின் வழியாக மற்றொரு பாதுகாப்பையும் மீனவர் ஒருசேரத் தேடிய காலம் அது.

வெளிப்பொருத்து எஞ்சினை அவர்கள் தேர்ந்தெடுத்ததில் பிழை காண முடியாது. முதலாவதாக, இருக்கும் வள்ளத்திலேயே அதை மாட்டலாம். புதிய கலம் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவதாக, துறைமுகம் இல்லாத கரையில் அலையைக் கடந்து மணலில் ஏறும்போது புரொப்பெல்லரைச் சாய்த்துத் தூக்கிவிடலாம். மூன்றாவதாக, மாலையில் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான்காவதாக, அதே திறனுள்ள டீசல் எஞ்சினையும் அதற்குரிய படகையும்விட அதன் விலை மிகவும் குறைவு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூடு 1909இல் இவ்வகை எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அவர் மனத்தில் இருந்தவை ஏரிகளும் துடுப்புப் படகுகளும். ஜப்பானிய யமஹா 1960இலும் சுசுகி 1965இலும் இத்துறையில் இறங்கின. வளரும் நாடுகளின் மீனவர்களுக்கென மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களைச் செய்து விற்றதும் இந்நிறுவனங்களே. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான் கேரளக் கரையை வென்றது.

இனி அதன் செயல்முறையைப் பார்ப்போம். பழைய வகை டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிந்த புகை வெளியேறும் அதே கணத்தில் புதிய எரிபொருட்கலவை உள்ளே நுழைகிறது. அதனால் எரியாத கலவையின் ஒரு பகுதியும் புகையோடு சேர்ந்து வெளியேறிவிடும். சிறுபடகு எரிபொருள் ஆய்வுகள் தரும் தோராய அளவு இது: ஒரு குதிரைத்திறனை ஒரு மணிநேரம் பெற டூ-ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து எஞ்சினுக்குச் சுமார் அரை லிட்டர் தேவை, டீசல் எஞ்சினுக்குச் சுமார் கால் லிட்டர் போதும். பத்துக் குதிரைத்திறனை நாளுக்கு ஐந்து மணிநேரம், ஆண்டுக்கு 200 நாள் பயன்படுத்தும் வள்ளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னதற்கு 5,000 லிட்டர் ஆகும். பின்னதற்கு 2,500 லிட்டர். வாங்கும் நாளில் மிச்சமான பணம் ஓடும் நாள்களில் கரைந்துவிடும் என்பது இக்கணக்கில் வெளிப்படை.

அப்படியானால் மீனவருக்குக் கணக்குத் தெரியவில்லையா? நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் லிட்டரை எண்ணவில்லை, ரூபாயை எண்ணினார். மண்ணெண்ணெய் ஏழை வீடுகளின் விளக்குக்கும் அடுப்புக்குமான பொருள் என்பதால், பொது விநியோக முறையில் அதன் விலையை அரசு தாழ்வாகவே வைத்திருந்தது. அந்த ஒதுக்கீட்டின் ஒரு பகுதி உரிமச்சீட்டின் வழியாக மீனவருக்கும் கிடைத்தது. இருமடங்கு குடிக்கும் எஞ்சினின் எரிபொருள், டீசலின் பாதி விலைக்குக் கிடைக்குமானால் இரண்டு எஞ்சின்களின் அன்றாடச் செலவும் சமமாகிவிடும். பிறகு முதலீடு குறைந்ததே வெல்லும். 2010 வாக்கில் ரேஷன் மண்ணெண்ணெயின் விலை டீசல் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. கேரளத்து வள்ளத்துக்கு எந்த எஞ்சின் ஏற்றது என்பதைத் தீர்மானித்ததில் எஞ்சின் தொழில்நுட்பத்துக்கு இருந்த பங்கைவிட, சமையலறையை மனத்திற்கொண்டு வகுத்த விலைக்கொள்கைக்கு இருந்த பங்கு பெரிது. ஆனால் ஒதுக்கீடு ஒருபோதும் முழுத் தேவையையும் நிறைவுசெய்யவில்லை. எஞ்சியதை வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

அடுத்து, இக்கூடுதல் செலவை யார் சுமந்தார்கள் என்ற கேள்வி. கடற்கரைத் தொழிலில் மாதச் சம்பளம் இல்லை, பங்கு முறைதான். நுணுக்கங்கள் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறினாலும் பொதுவான அமைப்பு இதுவே: மீன் விற்ற தொகையிலிருந்து எரிபொருள் முதலிய அன்றாடச் செலவுகளை முதலில் கழிப்பார்கள், எஞ்சியதைக் கலத்துக்கும் வலைக்கும் உழைப்புக்கும் எனப் பங்கிடுவார்கள். எஞ்சினை வாங்குபவர் உடைமையாளர். அதன் விலையையும் அதற்கான கடனையும் ஏற்பவர் அவரே. ஆனால் அது குடிக்கும் எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர்கள் வள்ளத்தில் ஏறிய அனைவரும். அதிக விலை கொடுத்துச் சிக்கனமான எஞ்சினை வாங்கினால் செலவு உடைமையாளர் ஒருவருடையது. சேமிப்போ எல்லாருக்கும் பங்காகிவிடும். குறைந்த விலையில் ஊதாரி எஞ்சினை வாங்கினால் சேமிப்பு அவருடையது, செலவு எல்லாருடையது. எனவே கடைவாசலில் 'மலிவு' எனத் தோன்றிய விலையின் ஒரு பகுதி, அன்றாடம் கரையில் பங்கு பிரிக்கும்போது தொழிலாளியின் கையிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. ஒரு ரசீதிலும் அத்தொகை அவர் பெயரில் எழுதப்பட்டதில்லை.

இதைச் சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடக் கூடாது. பெரும்பாலான உடைமையாளர்கள் தாமும் கடலுக்குப் போனவர்கள். பெரிய ரிங்சீன் வள்ளங்களில் உடைமையே பலருக்குள் பகிரப்பட்டிருந்தது. உடைமையாளரும் பல இடங்களில் சுதந்திரமானவராக இருக்கவில்லை. எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்த தரகர், அதற்கு ஈடாக அவருடைய மீனை விற்கும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டார். தீய எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லாமலேயே, ஒரு கணக்கு முறையால் சுமையைக் கீழ்நோக்கித் தள்ளிவிட முடியும் என்பதே இங்கு கவனத்துக்குரியது.

வேறு வழிகள் முயலப்படாமல் இல்லை. 1979இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட உலக உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்குச் சிறு டீசல் எஞ்சினைப் பொருத்தும் முயற்சியில் இறங்கியது. கரை நெருங்கும்போது தண்டையும் புரொப்பெல்லரையும் உயர்த்திக்கொள்ளும் அமைப்பு அதன் சிறப்பு. டீசலின் சிக்கனத்தையும் வெளிப்பொருத்து எஞ்சினின் எளிமையையும் ஒன்றாக்கும் திட்டம் அது. 1980இல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வேறொரு முனையிலிருந்து வந்தது. அதன் ஊர்ச்சங்கங்கள் மீன் விற்பனையைத் தாமே ஏற்று, அன்றாடப் பிடிப்பில் ஒரு பங்கைக் கடன் தவணையாகப் பிடித்துக்கொண்டன. எஞ்சின் வாங்கத் தரகரிடம் போகவேண்டிய கட்டாயம் அதனால் தளர்ந்தது. முதல் முயற்சி எஞ்சினின் வடிவத்தைத் திருத்தியது. இரண்டாவது, எஞ்சினை வாங்கும் பணத்தின் வடிவத்தைத் திருத்தியது. எண்ணெயின் விலையோ இவ்விரண்டுக்கும் எட்டாத இடத்தில், தில்லியில் தீர்மானிக்கப்பட்டது.

இதற்கிடையில் குதிரைத்திறன் போட்டி தொடங்கியது. ஒற்றை இலக்கத் திறனில் ஆரம்பித்த எஞ்சின்கள், ரிங்சீன் வள்ளங்களில் 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு மூன்று எஞ்சின்கள் வரை வளர்ந்தன. நீரைப் பிளந்து செல்லும் கனத்த கலத்துக்கு இயற்கையான வேக வரம்பு ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள கலத்துக்கு அது ஏறத்தாழ 6.7 கடல் மைல் வேகம். அவ்வரம்பை நெருங்க நெருங்க, சிறிதளவு கூடுதல் வேகத்துக்குப் பெருமளவு கூடுதல் திறன் செலவாகும். ஆயினும் மீன் கூட்டத்தை முதலில் வளைப்பவருக்கே பிடிப்பு கிடைக்கும் தொழிலில், பக்கத்து வள்ளத்தைவிட அரை மைல் முந்துவதும் பெரிது. ஒவ்வொருவருக்கும் நியாயமாக இருந்த முடிவு, எல்லாரும் எடுத்தபோது எல்லாருக்கும் இழப்பாயிற்று. எல்லார் வேகமும் கூடியதால் ஒருவரும் முந்தவில்லை; எரிந்த எண்ணெய் மட்டும் கூடியது.

2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெயின் விலை சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டு, 2020 மார்ச்சுக்குள் மத்திய அரசின் விலை மானியம் முற்றிலும் நீங்கியது. 2022இல் கேரளத்தில் அதன் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டி டீசலோடு சமமானது. நாற்பதாண்டுகளாக விலை வேறுபாட்டின் பின்னால் ஒளிந்திருந்த 'இருமடங்கு' என்னும் எண் அன்று வெளியே வந்து நின்றது. எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை. கடலிலும் இல்லை. அரசிதழில் மட்டும் ஓர் எண் மாறியது. கட்டுப்படியான எஞ்சின் கட்டுப்படியாகாததாயிற்று.

தொழில்நுட்ப வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் ஒரு கருவி ஏன் பரவியது என்று கேட்கும்போது, விலைப்பட்டியலோடும் பொறியியல் விளக்கத்தோடும் நின்றுவிடக் கூடாது. பங்குக் கணக்கில் எது முதலில் கழிக்கப்படுகிறது, எது பிறகு பிரிக்கப்படுகிறது என்ற வரிசையையும் படிக்க வேண்டும். இன்று மின்மோட்டார், எரிவாயு, ஃபோர்-ஸ்ட்ரோக் எனப் புதிய மாற்றுகள் மீனவர் முன் வைக்கப்படுகின்றன. அவற்றுக்கான மானியம் எஞ்சினின் விலைக்கு மட்டும் வழங்கப்பட்டால், 1980களின் கணக்கே மறுபடியும் எழுதப்படும். எஞ்சினை வாங்குபவருக்கும் அதை ஓட்டும் செலவைச் சுமப்பவருக்கும் சேமிப்பு எவ்வாறு பங்காகும் என்பதை முன்கூட்டியே பேசி முடிக்கும் திட்டமே, கட்டுப்படி என்ற சொல்லை நேர்மையாகப் பயன்படுத்தும் திட்டமாக இருக்கும்.