ஆங்கிலத் தொடர் மரபும் டோக்கியோ அகராதியும்

ஒரு மொழியின் சொற்பொருளையும் இலக்கணத்தையும் கற்றோர் அம்மொழியில் இயல்பாக எழுதவல்லர் எனத் துணிதல் பொருந்தாது. 'தவறு செய்தல்' என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகும் நம்மவர், 'செய்' என்பதற்கு நேரெனக் கருதி, 'டூ எ மிஸ்டேக்' என எழுதுதல் உண்டு. ஆங்கிலேயர் வழங்குவதோ 'மேக் எ மிஸ்டேக்' என்பதாம். முன்னையதில் இலக்கண வழு இல்லை, வழக்கின்மையே வழுவாம். இம்மரபினை அயன்மொழியாளர்க்கென முறைப்படுத்திய முயற்சியுள் தலையாயது இங்கிலாந்தில் அன்றிச் சப்பானில் நிகழ்ந்தமையை ஈண்டு ஆராய்வாம்.

சப்பானியக் கல்வி அமைச்சின் அழைப்பினால் 1922-இல் டோக்கியோ சென்ற ஹெரால்டு பால்மர், 1923-இல் நிறுவப்பெற்ற ஆங்கிலம் கற்பித்தல் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவரானார். அக்கழகம் 1933-இல் சொற்சேர்க்கை பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. உறுப்புச் சொற்களைக் கூட்டி ஆக்கிக்கொள்ள இயலாது, முழுமையாகவே மனங்கொள்ளற்குரிய தொடர்களை அது வகுத்துரைத்தது. அதன் தொகுப்பில் பெரும்பங்கு கொண்டவர், 1924 முதல் சப்பானில் ஆசிரியராயிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி ஆவார்.

பால்மர் 1936-இல் நாடு திரும்பினார். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் அப்பணியை அகராதியாக விரித்தார். 'கிவ் மீ தி புக்' என்பது வழக்கு; 'எக்ஸ்பிளெய்ன் மீ தி புக்' என்பது வழக்கன்று. இவ்வேறுபாட்டைச் சொற்பொருள் காட்டாது. ஆதலின், ஒவ்வொரு வினையும் ஏற்கும் வாக்கிய அமைப்பு எதுவென, 25 வகை வாய்பாடுகளால் அவர்கள் சுட்டினர்.

1941 திசம்பரில் சப்பானும் பிரிட்டனும் பகைநாடுகளாயின. ஹார்ன்பி 1942-இல் சப்பானை நீங்கினார். அவ்வாண்டிலேயே அகராதி டோக்கியோவில் வெளிவந்தது. பகைவர் மொழியின் மரபை உரைக்கும் நூல் போர்க்காலத்தே அந்நகரில் அச்சேறியமை வியப்பிற்குரியது. பின்னர் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை வெளியிட்டு உலகெங்கும் பரப்பிற்று.

1928-இல் முற்றுப்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டுப் பேரகராதி இத்தேவையை நிறைவு செய்யாதோ எனின், செய்யாது. அது சொற்களின் பொருளையும் வரலாற்றையும் மேற்கோள் காட்டி நிறுவுவது. எவ்வாறு எழுதுவது என்னும் ஐயத்தை நீக்குதல் அதன் நோக்கமன்று. தாய்மொழியாளர்க்குச் செவியே சான்று. அவர் விதி வேண்டிலர். செவியுணர்வு வாய்க்கப்பெறாத மாணவரின் இடர்ப்பாடே, ஆங்கிலேயர் அறியாமலே பேணிய மரபை எழுத்தில் வெளிப்படுத்திற்று என்க.