விருப்பத்தால் ஏற்ற நோன்பு: காந்தியடிகளும் இலண்டன் சைவ உணவாளர்களும்

புலால் மறுத்தலுக்கெனத் திருவள்ளுவப் பெருந்தகை தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குறளின் 26ஆம் அதிகாரமாகிய அதில் அருளுடைமையைப் பேசுவதோடு அவர் நின்றுவிடவில்லை. வாங்கி உண்பவர் இல்லையேல், விலைக்கு ஊன் விற்பவரும் இல்லாது போவர் என்னும் சந்தை நியதியையும் அங்கே எடுத்துக்காட்டுகின்றார். ஒருவர் இலையில் நிகழும் மாற்றம் அவரோடு முடிந்துவிடுவதில்லை என்பதே இதன் உட்பொருள். இவ்வுண்மைக்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு.

தாய்க்குத் தந்த வாக்கு

1869ஆம் ஆண்டு போர்பந்தரில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்த காந்தியடிகள், புலாலை அறவே அறியாதவர் அல்லர். ஆங்கிலேயர் வலிமைக்கு அவர்தம் புலாலுணவே காரணம். நாமும் உண்டால் அவர்களை வெல்லலாம் என்று இளமை நண்பர் ஒருவர் கூறியதை நம்பி, ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் மறைவாகச் சில முறை உண்டார். ஆயினும் பெற்றோரிடம் பொய்யுரைக்க நேர்ந்தது அவரைப் பெரிதும் வருத்தியது. அவர்கள் வாழும் வரையில் இனித் தொடுவதில்லை என்று விட்டொழித்தார்.

சட்டம் பயில 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். புறப்படுமுன், சமணத் துறவி ஒருவர் முன்னிலையில், மது, மாதர், புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று அன்னை புத்லிபாய்க்கு வாக்களித்திருந்தார். இலண்டனில் அவ்வாக்கு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. உப்பும் உறைப்புமற்ற அவித்த காய்களும் ரொட்டியும் அவர்தம் பசியைத் தணிக்கவில்லை. எழுத்தறியாத தாய்க்குத் தந்த வாக்கு ஒரு வாக்காகுமா என்று நண்பர் வாதிட்டார். காந்தியடிகளோ அசையவில்லை. எனினும், இந்தியர் அனைவரும் ஒருநாள் புலால் உண்ணவேண்டும் என்ற எண்ணமே அன்றும் அவர் உள்ளத்தில் இருந்தது. வாக்கு அவரைக் கட்டியிருந்ததேயன்றிக் கொள்கை அவரை ஆட்கொள்ளவில்லை.

ஒரு சில்லிங் நூல்

நாள்தோறும் பல மைல் நடந்து தேடிய அவர், ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவு விடுதி ஒன்றைக் கண்டார். அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஹென்றி சால்ட் என்பாரின் நூலை ஒரு சில்லிங் கொடுத்து வாங்கினார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறார உண்ட முதல் உணவும் அன்றுதான் கிடைத்தது. நூலை முழுதும் படித்து முடித்த நாள்முதல், தாம் விருப்பத்தாலேயே சைவ உணவாளர் ஆனதாகப் பின்னாளில் தம் சுயசரிதையில் பதிவு செய்தார். வாக்குக்காகக் காத்த நோன்பு, அறிந்து ஏற்ற நோன்பாக மாறியது.

அம்மாற்றத்தின் பயன் முதலில் அவர்தம் வாழ்விலேயே தென்பட்டது. காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும், இரவில் ரொட்டியும் கொக்கோவும் என உணவை எளிமையாக்கி, நாளொன்றுக்கு ஒரு சில்லிங் மூன்று பென்ஸில் உணவுச் செலவை அடக்கினார். சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்பதையும் இக்காலத்தில்தான் உணர்ந்தார்.

சங்கத்தில் கற்ற பாடம்

இங்கிலாந்தின் சைவ உணவுச் சங்கம் 1847ஆம் ஆண்டு ராம்ஸ்கேட் நகரில் தோன்றியது. இலண்டனுக்கெனத் தனிச் சங்கம் 1888இல் அமைந்தது. 1890இல் காந்தியடிகள் அதன் செயற்குழுவில் இடம்பெற்றார். 1891இல் அச்சங்கத்தின் வார இதழில், இந்தியரின் உணவு முறைகளைப் பற்றி அவர் எழுதிய தொடர் கட்டுரைகள் வெளிவந்தன. அச்சேறிய அவர்தம் முதல் எழுத்துகள் அவையே. தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சைவ உணவு மன்றம் நிறுவி அதன் செயலாளராகவும் பணியாற்றினார். பகவத் கீதையை ஆங்கிலக் கவிதையாக்கிய எட்வின் ஆர்னால்டு அதன் துணைத் தலைவர்.

அச்செயற்குழுவில்தான் ஒரு சோதனையும் எழுந்தது. டாக்டர் அல்லின்சன் என்னும் உறுப்பினர் குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேசிவந்தார். அஃது ஒழுக்கக்கேடு எனக் கருதிய தலைவர் ஹில்ஸ், அவரை நீக்க முற்பட்டார். அப்பொருளில் காந்தியடிகளின் கருத்தும் தலைவரின் கருத்தை ஒத்ததே. ஆயினும் சைவ உணவைப் பரப்புவதற்கு அமைந்த சங்கம், வேறொரு கருத்துக்காக ஓர் உறுப்பினரை விலக்குவது முறையன்று என அவர் கருதினார். பேசக் கூச்சமுற்றதால் தம் கருத்தை எழுதிக் கொடுத்தார்; மற்றொருவர் படித்தார். தீர்மானத்தில் அவர் தரப்புத் தோற்றது. ஆனால், தமக்கு உடன்பாடில்லாத கருத்தைக் கொண்டவரின் உரிமைக்காக நிற்கும் பண்பு அங்கே வேர்கொண்டது.

உணவு விடுதியில் கிடைத்த தோழர்கள்

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற பின்னும் இந்நோன்பு அவருக்குத் துணைவர்களைத் தேடித் தந்தது. ஜொகான்னஸ்பர்க் சைவ உணவு விடுதியில்தான் ஆல்பர்ட் வெஸ்டையும் ஹென்றி போலாக்கையும் அவர் சந்தித்தார். 1904இல் அந்நகரில் பிளேக் நோய் பரவியபோது தொண்டாற்ற முன்வந்த வெஸ்டு, பின்னர் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகப் பொறுப்பை ஏற்றார். 1903இல் தொடங்கிய அவ்விதழ் முதலில் தமிழ்ப் பக்கங்களையும் தாங்கி வந்தது. அதே 1904இல் டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியடிகளிடம், இரயில் பயணத்தில் படிப்பதற்கென ரஸ்கினின் நூலொன்றைப் போலாக் அளித்தார். அந்நூலே பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றக் காரணமாயிற்று.

டால்ஸ்டாய்ப் பண்ணையில்

1910இல், நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய்ப் பண்ணை எழுந்தது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள் ஒன்றாக வாழும் இடத்தில் எவ்வுணவு சமைப்பது என்ற வினா எழுந்தது. சிறுவயது முதல் புலால் உண்டு பழகிய பெண்மணிகளிடம் காந்தியடிகள் சென்று நிலைமையை எடுத்துரைத்தார். அவர்கள் விரும்பினால் புலாலுணவும் வழங்க அவர் ஆயத்தமாயிருந்தார். அவர்களோ மனமுவந்து ஒரே சைவச் சமையலறைக்கு இசைந்தனர். எவரும் தாழ்த்தப்படவில்லை, அடுப்பும் பிரியவில்லை.

1931 நவம்பர் 20ஆம் நாள், வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் வந்திருந்த காந்தியடிகள், பழைய சங்கத்தாரிடையே உரையாற்றினார். எண்பது வயதான ஹென்றி சால்ட் அருகில் அமர்ந்திருந்தார். உடல்நலத்தை மட்டும் கருதிச் சைவத்தை மேற்கொள்வோர் நெடுநாள் நிலைப்பதில்லை, அதற்கு அறமே அடிப்படை என்பது அவ்வுரையின் சாரம். பிறர் மனம் மாற விழைவோர் பொறுமையும் பணிவும் உடையவராதல் வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

இன்றைய நிலை

இன்று புலாலைக் குறைப்பதற்கு அறிவியலும் காரணங்கள் காட்டுகின்றது. மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் விளைவது என ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் மதிப்பிட்டது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசம், தீமிதி, புரட்டாசி விரத நாள்களில் எத்தனையோ இல்லங்களில் புலால் விலக்கப்படுகின்றது. வழக்கத்துக்காகத் தொடங்கிய அந்நோன்பைப் பொருளறிந்து ஏற்றுக்கொண்டால், விழா முடிந்த மறுநாளும் அது ஓரளவேனும் தொடரும். ஆண்டு முழுதும் விரதம் காப்பவரும், விழா நாள்களில் மட்டும் காப்பவரும் ஆலய அன்னதானப் பந்தியில் அருகருகே அமர்கின்றனர். ஒருவரையொருவர் இகழாது அங்கே உண்டு எழுவதும் அந்நோன்பின் ஒரு பகுதியே. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.