கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து

டெர்மினல் என்றால் நம்மில் பலருக்கு பஸ் ஸ்டாண்டும் ஏர்போர்ட்டும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது கம்ப்யூட்டர் டெர்மினல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, முன்னால் ஒரு கீபோர்டு. கணக்குப் போடும் மெஷின் வேறு அறையில் இருக்கும். நம் மேஜையில் இருப்பது அதன் வாயும் காதும் மட்டுமே. அதில் லாகின் செய்து உட்கார்ந்தது முதல் எழுந்து போகும்வரை நடப்பதற்கு செஷன் என்று பெயர்.

நாலு வேலை பாதியில் இருக்கும்போது மெஷின் நின்றுவிட்டால் அந்த நாலும் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு அறுபது வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நல்ல பதில்கள் சில ஆரம்பத்திலேயே வந்துவிட்டன.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். ஒரே ஐ.பி.எம். மெஷினைப் பலரும் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை அது. அதில் 'சேவ்', 'ரெஸ்யூம்' என்று இரண்டு கட்டளைகள் இருந்தன. ஓடுகிற புரோகிராமை நிறுத்தி சேவ் என்றால், அந்த நொடியில் மெமரியில் அது எப்படி இருந்ததோ அப்படியே எழுதி வைத்துவிடும். பிறகு வந்து ரெஸ்யூம் என்றால் நிறுத்திய இடத்திலிருந்து தொடரும்.

அப்போதைய மெமரியும் கைகொடுத்தது. கம்பியில் கோத்த கடுகளவு காந்த வளையங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். கரண்ட் போனாலும் காந்தம் போகாது. 1970-ல் வந்த பி.டி.பி.-11 மெஷினில், கரண்ட் இறங்குவது தெரிந்ததும் கிடைக்கிற ஓரிரண்டு மில்லிசெகண்டுக்குள் கையில் இருக்கும் கணக்கை அந்தக் காந்த மெமரியில் போட்டுவிட்டு நிற்கும்படி புரோகிராம் எழுத முடியும். கரண்ட் வந்ததும் எடுத்துக்கொண்டு தொடரலாம்.

அப்புறம் சிலிக்கான் சிப் வந்தது. இன்டெல்லின் 1103 என்ற மெமரி சிப்பும் அதே 1970-தான். இடம் குறைவு, விலை மலிவு. ஆனால் அதில் இருக்கும் மின்சாரத் துளி தானாகக் கசிந்துவிடும். நொடிக்குப் பல நூறு தடவை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மலிவு மெமரிக்கு நாம் கொடுத்த விலை இது என்று நான் நினைப்பதுண்டு.

பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் செய்த யூனிக்ஸில் இன்னொரு தொல்லை. டெலிபோன் லைன் வழியாக லாகின் செய்திருப்பவரின் லைன் அறுந்தால், 'போனை வைத்துவிட்டார்' என்று ஒரு சிக்னல் போகும். அவர் ஓட்டிய புரோகிராம்கள் எல்லாம் செத்துவிடும். அதைத் தடுக்க எழுபதுகளிலேயே 'நோஹப்' என்ற கட்டளை வந்தது. பெயரே 'ஹேங்கப் வேண்டாம்' என்பதன் சுருக்கம்தான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் ஒரு யூனிக்ஸ் மெஷினும் எட்டு டெர்மினலும் இருந்தன. கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் படுத்துவிட்டால் எட்டுத் திரையும் இருண்டுவிடும். எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் 'விஐ' எடிட்டர். பெர்க்லியில் பில் ஜாய் எழுதியது. நாம் தட்டுவதை அது டிஸ்கில் ஒரு நகலாக எழுதிக்கொண்டே வரும். மெஷின் மறுபடி எழுந்ததும், உங்கள் ஃபைலைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், இப்படி எடுத்துக்கொள் என்று நமக்கு ஒரு மெயில் போட்டிருக்கும். அந்த மெயிலைப் பார்த்த சந்தோஷம், தொலைத்த பர்ஸ் திரும்பக் கிடைத்த மாதிரி.

1987-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாவ்மானும் கார்ஸ்டன் போர்மானும் 'ஸ்க்ரீன்' என்ற புரோகிராமை எழுதினார்கள். லைன் அறுந்தாலும் செஷன் அந்தப் பெரிய மெஷினிலேயே உயிரோடு இருக்கும். வேறு டெர்மினலில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளலாம். 2007-ல் நிக்கோலஸ் மாரியட் 'டிமக்ஸ்' எழுதினார். அதுவும் இதே வழிதான். ஆனால் ஒன்று: அறுந்தது லைனாக இருக்க வேண்டும். மெஷினே நின்றால் இரண்டும் கூடவே போய்விடும்.

அதற்காகத்தான் டிமக்ஸோடு சேர்த்துக்கொள்ள 'ரெசரெக்ட்' என்று ஒரு துணை நிரல் வந்தது. எந்த ஜன்னல், எத்தனை பிரிவு, எந்த ஃபோல்டர், அதில் என்ன ஓடியது என்று ஒரு ஃபைலில் பட்டியல் எழுதி வைக்கும். 'கன்டினியம்' என்ற இன்னொன்று அதைப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே செய்யும். ரீஸ்டார்ட் ஆனதும் பட்டியலைப் பார்த்து அறையைப் பழையபடி அடுக்கித் தரும். எடிட்டர் போன்ற சிலவற்றை மட்டும் புதிதாகத் திறக்கும். பாதிக் கணக்கில் நின்ற புரோகிராம் பாதியிலிருந்து வராது. நாற்காலி பழைய இடத்தில் இருக்கும், உட்கார்ந்திருந்த ஆள் இருக்கமாட்டார்.

ஆளையும் கொண்டுவர ஏன் முடியவில்லை என்றால், சி.டி.எஸ்.எஸ். புரோகிராம் ஒண்டிக்கட்டை. இன்றைய புரோகிராம் பத்து ஃபைலைத் திறந்து வைத்து, நெட்வொர்க்கில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்கிறது. இதை அப்படியே உறைய வைத்தாலும், எழுப்பும்போது எதிர்முனையில் இருந்தவர் போனை வைத்திருப்பார். இருந்தும் 2011-ல் பாவெல் எமெல்யானோவும் ரஷ்ய நண்பர்கள் சிலரும் லினக்ஸுக்காக 'க்ரியு' என்ற வேலையைத் தொடங்கினார்கள். ஓடும் புரோகிராமை மெமரியோடு, திறந்த ஃபைல்களோடு டிஸ்கில் எழுதி மறுபடி எழுப்புவது. அது நடக்கிறது. ஒரு மெஷினில் ஓடுவதை இன்னொன்றுக்கு மாற்றவும் உதவுகிறது. ஆனால் திறந்திருந்த ஃபைல்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும், புரோகிராமின் நம்பர்கூட அதே நம்பராகக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நிறைய.

வீட்டில் என் பழைய லேப்டாப்பில் நான் வைத்திருப்பது ரெசரெக்ட்தான். அது எழுதி வைக்கும் ஃபைல் வெறும் எழுத்து. திறந்து நாமே படிக்கலாம். நேற்று மாலை கரண்ட் போவதற்கு முன் ஆறு ஜன்னல் என்று அதில் இருந்தது, ஆறும் வந்தன.