செல்லாக் காசான படிப்பு

‘சேரிக்காரன் கையில காசு தங்காது, தொழில் பண்ணவும் துணிச்சல் பத்தாது.’ ஊர்க்காரர்கள் மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்ம ஆட்களே சொல்லிச் சொல்லி நம்பியும்விட்டார்கள். காசு என்றால் நமக்குப் பயம் இருப்பது உண்மைதான். அந்தப் பயத்தை யார் விதைத்தது? அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு பக்கத்திலிருந்து இதைப் பார்க்கலாம்.

1917. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். தங்க யாரும் இடம் தரவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். வேலையை விட்டுப் பம்பாய் திரும்பினார்.

குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு, பங்கு வாங்கி விற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலொன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் மகார் என்று தெரிந்ததும் வராமல் போனார்கள். தொழில் படுத்துவிட்டது. துணிச்சலும் இருந்தது, படிப்பும் இருந்தது. சாதி தெரிந்த அன்றைக்கு அந்தப் படிப்பு செல்லாக் காசாகிவிட்டது.

கடை வைக்க மூணு வேணும்: முதல், இடம், வாங்க வருகிற ஆள். மூன்றாவதைச் சாதி தன் கையில் வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் என் அத்தை இட்லிக்கடை வைத்தாள். ஊர்த்தெரு ஆட்கள் ஒருத்தரும் வாங்கவில்லை. நம்ம தெருவோ கூலி வந்தால்தான் காசு கொடுக்கும். கடன் நோட்டு நிறைந்தது, கல்லா நிறையவில்லை. அத்தைக்கு வியாபாரம் தெரியவில்லை என்று ஊர் சொன்னது.

1918 நவம்பரில் அம்பேத்கர் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் சம்பளம். அங்கேயும் அவர் பொதுப்பானையில் தண்ணீர் குடிப்பதை உடன் வேலை செய்தவர்கள் எதிர்த்தார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன் இவற்றோடு 1920இல் மறுபடி லண்டன் போனார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவர் நூல் 1923இல் வெளியானது. காசில்லாமல் தவித்தவர்தான் ஒரு நாட்டின் நாணயத்தை ஆராய்ந்தார்.

பம்பாயில் பட்டதை அவர் மறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது லின்லித்கோவிடம் கொடுத்த மனுவில் கல்வி, வேலையோடு நிற்கவில்லை. மத்தியப் பொதுப்பணித்துறைக் காண்ட்ராக்டுகளில் நம் மக்கள் ஒதுக்கப்பட்டிருப்பதையும் எழுப்பினார். சந்தை சாதி பார்த்துக் கதவைச் சாத்தினால் அரசு வாடிக்கையாளராக வர வேண்டும். இதுதான் அதன் பொருள்.

எழுபது வருஷம் கழித்து, 2012இல் வந்த கொள்முதல் கொள்கை, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடாந்திரக் கொள்முதலில் 4 சதவீதத்தைத் தலித், பழங்குடியினரின் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அம்பேத்கர் பெயரிலான தொழில் திட்டம் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. மானியம் முதலைத் தரும். சரக்கை வாங்க ஆளைத் தராது.

ஆகவே தோழர்களே, மானியத்துக்கு மனுப் போடுகிற கையோடு இன்னொரு மனுவும் போடுவோம். நம்ம ஊர்ப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்திடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம்: போன வருஷம் யாரிடம் வாங்கினாய்? அந்த நாலு சதவீதம் எங்கே?