அப்பாச்சி டாம்கேட்

அப்பாச்சி டாம்கேட் என்பது ஜாவாவில் எழுதிய வலைச் செயலிகளை இயக்கும் திறமூல சர்வர். உலாவி அனுப்பும் கோரிக்கையை வாங்கி, உரிய ஜாவா நிரலிடம் சேர்த்து, அது தரும் விடையைத் திருப்பி அனுப்புவது இதன் வேலை. அந்த நிரல்களுக்கு சர்வ்லெட் என்று பெயர். ஜேஎஸ்பி பக்கங்களையும் வெப்சாக்கெட் இணைப்புகளையும் இது கையாளும். வைல்டுஃபிளை, வெப்லாஜிக் போன்ற முழு அளவிலான ஜாவா சர்வர்களில் உள்ள ஈஜேபி முதலிய வசதிகள் இதில் கிடையாது. பெரும்பாலான செயலிகளுக்கு அவை தேவைப்படுவதும் இல்லை. ஸ்பிரிங் பூட்டில் எழுதுகிறவர்கள் பலர் டாம்கேட்டைத் தனியாக நிறுவியதே இல்லை. ஆனாலும் அவர்கள் செயலிக்குள் பொதிந்து ஓடும் இயல்பான சர்வர் இதுதான்.

தோற்றமும் பதிப்புகளும்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், சர்வ்லெட் வரையறைக்கு ஒரு முன்மாதிரிச் செயலாக்கமாக இதை எழுதினார். 1999இல் சன் இதை அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கியது. ஓ'ரெய்லி பதிப்பகத்தின் கணினி நூல் அட்டைகளில் விலங்குப் படம் இருப்பது வழக்கம். தன் மென்பொருளுக்கும் அப்படி ஒரு நூல் வரக்கூடும் என்று எண்ணிய டேவிட்சன், யார் தயவும் இல்லாமல் பிழைத்துக்கொள்ளும் கடுவன் பூனையின் பெயரை இதற்கு வைத்தார். நான்காம் பதிப்பில் கிரெய்க் மெக்கிளானகன் வடிவமைத்த கேட்டலினா என்னும் புதிய உட்கரு வந்தது. இன்றும் சர்வ்லெட்டுகளை இயக்குவது அதுவே. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கும் பகுதி கொயோட்டி; ஜேஎஸ்பி பக்கங்களை ஜாவா நிரலாக மாற்றித் தருவது ஜாஸ்பர்.

பதிப்புகளில் மிகப் பெரிய முறிவு 9க்கும் 10க்கும் இடையில் நிகழ்ந்தது. சர்வ்லெட் முதலிய வரையறைகள் அடங்கிய ஜாவா ஈஈயைப் பேணும் பொறுப்பை 2017இல் எக்ளிப்ஸ் அறக்கட்டளைக்குத் தர ஆரக்கிள் முடிவுசெய்தது. ஆனால் 'ஜாவாஎக்ஸ்' என்னும் தொகுப்புப் பெயரை வைத்துக்கொண்டு வரையறைகளை மாற்றி வளர்க்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே எல்லாத் தொகுப்புகளும் 'ஜக்கார்த்தா' என்று பெயர் மாறின. டாம்கேட் 10 அந்தப் புதிய பெயர்களை மட்டுமே அறியும். ஒன்பதில் ஒழுங்காக ஓடிய செயலியை அப்படியே பத்தில் வைத்தால், சர்வ்லெட் வகுப்பு காணவில்லை என்ற பிழையோடு விழும். அப்பாச்சியே இதற்கு ஒரு மாற்றுக் கருவி தருகிறது. 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்ற கோப்புறையில் பழைய செயலியைப் பொதிந்த வார் கோப்பைப் போட்டால் டாம்கேட் தானே மாற்றிக்கொள்ளும். நிரல் கையில் இருந்தால் பெயர்களை நிரலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஜாவாவின் பதிப்பும் பொருந்த வேண்டும். டாம்கேட் 9க்கு ஜாவா 8, 10.1க்கு ஜாவா 11, 11க்கு ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை. செயலியைத் தொகுத்த ஜாவா, ஓட்டுகிற ஜாவாவைவிடப் புதியதாக இருந்தால், வகுப்புக் கோப்பின் பதிப்பு எண்ணைச் சொல்லி சர்வர் மறுக்கும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21.

நிறுவுதல்

அப்பாச்சி தளத்தில் கிடைக்கும் தொகுப்பை விரித்து, 'ஜாவா ஹோம்' சூழல் மாறியைச் சரியான ஜாவாவுக்குக் காட்டி, 'பின்' கோப்புறையில் உள்ள தொடக்க நிரலை ஓட்டினால் 8080 போர்ட்டில் டாம்கேட் எழுந்துவிடும். அமைவுக் கோப்புகள் 'கான்ஃப்' கோப்புறையிலும், செயலிகள் 'வெப்ஆப்ஸ்' கோப்புறையிலும் இருக்கும். வார் கோப்பின் பெயரே முகவரியின் பகுதியாகிவிடும். தளத்தின் வேர் முகவரியிலேயே செயலி திறக்க வேண்டுமானால் கோப்புக்கு 'ரூட்' என்று, முழுதும் பெரிய எழுத்துகளில், பெயரிட வேண்டும். புதிதாக நிறுவுகிறவர்கள் சந்திக்கும் 404களில் பல இங்கிருந்தே வருகின்றன.

நினைவக அளவு போன்ற தேர்வுகளைத் தொடக்க நிரலுக்குள் எழுதக் கூடாது. அடுத்த பதிப்புக்கு மாறும்போது அவை அழிந்துபோகும். 'செட்என்வ்' என்ற தனிக் கோப்பை உருவாக்கி, அதில் 'கேட்டலினா ஆப்ட்ஸ்' மாறியில் எழுதுவதே முறை. 'ஜாவா ஆப்ட்ஸ்' மாறியில் எழுதினால், சர்வரை நிறுத்துவதற்காக ஓடும் சிறு நிரலும் அதே பெரிய நினைவகத்தைக் கேட்கும்.

லினக்ஸில் 1024க்குக் கீழான போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. 80, 443 வேண்டும் என்பதற்காக டாம்கேட்டை ரூட் பயனராக ஓட்டுவது ஆபத்து. முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி வெப் சர்வரை வைத்து, உள்ளே 8080க்குத் திருப்பிவிடுவதே பலரும் கொள்ளும் வழி.

டெபியன் தொகுப்பு வழியாக நிறுவினால் கோப்புகள் 'ஈடிசி', 'வார்', 'யூஎஸ்ஆர்' எனப் பல கோப்புறைகளில் பிரிந்து கிடக்கும். அதன் டாம்கேட் 9 தொகுப்பு, சிஸ்டம்டி வழியாக ஒரு வேலியையும் போடுகிறது. செயலி, லாக் முதலிய சில கோப்புறைகளைத் தவிர மற்ற இடங்கள் டாம்கேட்டுக்குப் படிக்க மட்டும். கோப்புறை உரிமைகளையெல்லாம் தாராளமாகத் திறந்துவிட்ட பிறகும் 'படிக்க மட்டுமான கோப்பமைப்பு' என்ற பிழை வந்தால், சிஸ்டம்டி அமைவில் எழுதத்தக்க பாதையைச் சேர்க்க வேண்டும்.

பழுது கண்டறிதல்

டாம்கேட் நின்றால் உடனே மீண்டும் தொடங்கிப் பார்ப்பது பரவலான வழக்கம். இது தடயத்தை அழிக்கும் செயல். தொடங்குவதற்கு முன் லாக்கைப் படிக்க வேண்டும். எந்த லாக் என்பதும் முக்கியம். லினக்ஸில் சர்வரின் பொதுவான பேச்சு 'கேட்டலினா.அவுட்' கோப்பில் இருக்கும். ஆனால் செயலியின் லிஸனர் ஏற்றப்படும்போது விழுந்தால், அந்தக் கோப்பு 'விவரம் வேறு லாக்கில்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். உண்மையான காரணம், 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கி அன்றைய தேதியோடு முடியும் கோப்பில் கிடக்கும். பிழைத் தொடரிலும் முதல் வரியைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. 'இதனால் விளைந்தது' என்று அடுக்கடுக்காக வரும் பகுதிகளில் கடைசியானதே வேரைக் காட்டும்.

போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழைக்கு, பெரும்பாலும் முந்தைய டாம்கேட்டே சாகாமல் இருப்பது காரணம். நிறுத்தும் கட்டளை 8005 போர்ட்டுக்குச் செல்கிறது. செயலி தொடங்கிய திரெட் ஏதேனும் முடியாமல் தொங்கினால், அந்தக் கட்டளைக்குப் பிறகும் ஜாவா செயல்முறை உயிரோடிருக்கும். இதற்கு நேர்மாறாக, எந்த லாக்கிலும் ஒரு சொல் கூட இல்லாமல் டாம்கேட் மறைந்துபோயிருந்தால், நினைவகப் பற்றாக்குறையால் லினக்ஸ் கெர்னலே அதைக் கொன்றிருக்கக்கூடும். அதன் பதிவு கெர்னல் லாக்கில் கிடைக்கும். ஹீப் நிறைந்துவிட்டது என்று ஜாவாவே புகார் சொல்வது வேறு வகை. அப்போது ஹீப்பின் முழுப் படியைக் கோப்பாக எழுதும் தேர்வை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், எந்தப் பொருள் நினைவகத்தை விழுங்கியது என்று பிறகு ஆராயலாம்.

மிகவும் குழப்புவது, பிழை எதுவும் இல்லாமல் சர்வர் உறைந்து நிற்கும் நிலை. சிபியூ சும்மா இருக்கும், நினைவகம் போதும், லாக்கில் ஒன்றுமில்லை, பக்கமோ திறக்காது. டாம்கேட் இயல்பாக 200 திரெட்டுகள் வரை கோரிக்கைகளைக் கவனிக்கும். அதனுடன் வரும் டிபிசிபி தரவுத்தள இணைப்புக் குளமோ இயல்பாக 8 இணைப்புகளே தரும். செயலியில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பை எடுத்துவிட்டுத் திருப்பித் தர மறந்திருந்தால், எட்டு முறை அந்த வழியே சென்றதும் குளம் வற்றிவிடும். அடுத்து வருபவர் எல்லாரும் காத்திருப்பார்கள். காத்திருப்புக்கு இயல்பான அமைவில் காலவரம்பு கிடையாது என்பதால் பிழையும் எழாது. இந்த நேரத்தில் திரெட் டம்ப் எடுக்க வேண்டும். 'ஜேஸ்டாக்' கருவியாலும், செயல்முறைக்கு 3ஆம் எண் சிக்னல் அனுப்பியும் எடுக்கலாம். பத்து விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று எடுத்து ஒப்பிட்டால், டஜன் கணக்கான திரெட்டுகள் இணைப்புக்காக ஒரே வரியில் நிற்பது தெளிவாகத் தெரியும். குளத்தின் அளவைக் கூட்டுவது நோயைத் தள்ளிப்போடும், அவ்வளவே. கைவிடப்பட்ட இணைப்புகளை மீட்கும் தேர்வையும் பதிவுசெய்யும் தேர்வையும் இயக்கினால், இணைப்பை எடுத்த நிரல் வரியையே டிபிசிபி காட்டிக்கொடுக்கும்.

தமிழ் எழுத்துகள்

தமிழில் உள்ளீடு வாங்கும் செயலிகளுக்கு எழுத்துக் குறியாக்கம் தனிச் சிக்கல். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறியீடு, 15 பைட். ஏழாம் பதிப்பு வரை டாம்கேட் முகவரியில் வரும் உள்ளீட்டை ஐஎஸ்ஓ-8859-1 என்றே கொண்டது. அதனால் அந்தச் சொல் 15 தனித்தனிக் குறிகளாகச் சிதறியது. எட்டிலிருந்து முகவரிக்கு யுடிஎஃப்-8 இயல்பானது. படிவங்கள் வழியே அனுப்பும் உள்ளீட்டுக்கோ பத்தாம் பதிப்பில்தான் பொது அமைவுக் கோப்பிலேயே அந்தத் தீர்வு வந்தது. அதற்கு முந்தையவற்றில் குறியாக்க வடிகட்டியைச் செயலியின் முதல் வடிகட்டியாக வைக்க வேண்டும். வேறொன்று முன்னதாக உள்ளீட்டைப் படித்துவிட்டால் பிறகு குறியாக்கத்தை மாற்றிப் பயனில்லை. சிதறிய ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் தவறு இங்கே தேடத்தக்கது. கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால், தமிழை ஏற்காத தரவுத்தளப் பத்தியையோ இணைப்பையோ பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளிவந்தது. 8009 போர்ட்டில் இயல்பாகத் திறந்திருந்த ஏஜேபி இணைப்பு வழியாக, செயலிக்குள் உள்ள அமைவுக் கோப்புகளை வெளியார் படிக்க முடிந்தது. கோப்பு பதிவேற்றும் வசதி உள்ள செயலிகளில் நிரலையே ஓட்டவும் வாய்ப்பு இருந்தது. 9.0.31 முதல் அந்த இணைப்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய அமைவுக் கோப்பைப் புதிய பதிப்புக்கு அப்படியே நகலெடுத்தாலும், ரகசியச் சொல் அமைக்காதவரை அது இயல்பாகத் தொடங்காது. மேலாண்மைச் செயலியும் இயல்பாக அதே கணினியிலிருந்து வருவோரை மட்டுமே அனுமதிக்கிறது. தொலைவிலிருந்து 403 வருகிறதே என்று அந்தக் கட்டுப்பாட்டை முழுவதும் நீக்காமல், தேவையான ஐபி முகவரியை மட்டும் அதில் சேர்க்க வேண்டும்.