திறந்தமூல மென்பொருளில் பாதுகாப்புக் குறைகளை அறிவித்தல்

திறந்தமூல மென்பொருளில் தாக்குதலுக்கு இடம்கொடுக்கும் பிழை தென்பட்டால் அதை முதலில் யாரிடம் சொல்வது, திருத்தம் தயாராகும்வரை எத்தனை நாள் மறைத்து வைப்பது, எப்போது பகிரங்கப்படுத்துவது என்பவை பற்றிய வழக்கங்கள் சுமார் 35 ஆண்டுகளில் உருவானவை. நிறுவனங்கள் விற்கும் மென்பொருளுக்கும் இக்கேள்விகள் உண்டு. ஆனால் இங்கே மூலநிரல் எல்லார் பார்வையிலும் இருக்கிறது. திருத்தம் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்ததுமே, படிக்கத் தெரிந்த எவரும் குறை எங்கே என்று கண்டுகொள்ளலாம். இத்துறையின் சச்சரவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறந்தவை.

1988 நவம்பர் 2 அன்று பரவிய மாரிஸ் புழு, சென்ட்மெயில் போன்ற யூனிக்ஸ் நிரல்களின் குறைகள் வழியே ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அம்மாதமே அமெரிக்காவின் தார்பா முகமை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவியது. அங்கே அனுப்பிய குறை அறிவிப்புகள் மாதக்கணக்கில் வெளிவராமல் கிடக்கின்றன என்ற முறையீடு எழவே, 1993இல் தொடங்கிய பக்ட்ராக் மின்னஞ்சல் குழுவில் விவரங்கள் முழுமையாகவே வெளியிடப்பட்டன. அந்த அழுத்தம் பலித்தது: 2000இல் செர்ட், குறைகளை வெளியிடத் தனக்கே 45 நாள் கெடு விதித்துக்கொண்டது. ஒரே குறைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்த குழப்பத்தை, 1999இல் மைட்டர் நிறுவனம் தொடங்கிய சி.வி.இ. எண்முறை தீர்த்தது.

லினக்ஸ் வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்கள் வெண்டர்-செக் என்ற மூடிய குழுவில் முன்கூட்டியே செய்தி பகிர்ந்துவந்தன. அதற்குள் ஊடுருவல் நடந்தது தெரியவந்ததால் 2011இல் அது மூடப்பட்டது. இரகசியங்களைச் சேர்த்துவைக்கும் இடம் தானே இலக்காகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பின்வந்த லினக்ஸ்-டிஸ்ட்ரோஸ் குழு, எதையும் 14 நாளுக்கு மேல் மறைத்து வைக்கக்கூடாது என்று விதி வகுத்தது.

2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட், ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்த பிழை. வழங்கியின் நினைவகத்திலிருந்து ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை அதன்மூலம் உருவலாம். கடவுச்சொற்களும் மறைக்குறியீட்டுச் சாவிகளும் அதில் அகப்படலாம். கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தனர். இரண்டாவது தகவலும் வந்தபின் காத்திருப்பது ஆபத்து என்று, ஏப்ரல் 7 அன்று திருத்தம் அவசரமாக வெளியிடப்பட்டது. சில நிறுவனங்களுக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தது; பெரிய லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றுக்குத் தெரியவில்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த நூலகத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. அதன் பிறகே லினக்ஸ் பவுண்டேஷன் பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டியது. உழைப்பைப் பயன்படுத்தி வளர்ந்தவர்கள் விபத்துக்குப் பிறகுதான் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பதிவு செய்தே ஆகவேண்டும்.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவோஜுன், நிகழ்வுப் பதிவுக்கான லாக்4ஜே நூலகத்தின் கடுமையான குறையை அப்பாச்சி அறக்கட்டளைக்கு முறைப்படி தெரிவித்தார். திருத்த வேலை பொதுக் களஞ்சியத்திலேயே நடந்தது. டிசம்பர் 9 அன்று விவரம் பரவிவிட்டது. டிசம்பர் 1ஆம் தேதியே தாக்குதல் முயற்சி நடந்ததற்கான தடயமும் பின்னர் கிடைத்தது. முதல் திருத்தம் போதாமல், ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள் அந்த மாதம் முடிவதற்குள் அடுத்தடுத்துப் புதிய பதிப்புகளை வெளியிட்டனர். அரசுக்கு உடனே அறிவிக்கவில்லை என்று சீனத் தொழில்துறை அமைச்சகம் அலிபாபா கிளவுடுடனான தகவல் பகிர்வை 6 மாதம் நிறுத்திவைத்தது. முறைப்படி நடந்தவருக்கு நேர்ந்த இந்தத் தண்டனை நியாயமானதல்ல.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவித்தொகுப்பில் அகப்பட்டது தற்செயலான பிழை அல்ல. சோர்ந்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஈராண்டுக்கு மேலாகச் சம்பாதித்த ஒருவர் திட்டமிட்டுப் புகுத்திய பின்கதவு அது. தொலைநுழைவு இணைப்பு அரைநொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் அதை வெளிக்கொணர்ந்தார். அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் போலிப் புகார்களும் சேர்ந்து, கர்ல் போன்ற திட்டங்களின் பராமரிப்பாளர்களுடைய நேரத்தை விழுங்குகின்றன.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம், ஊதியமற்ற தன்னார்வலர்களை விட்டுவிட்டு விற்பனையாளர்கள்மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. தாக்குதலுக்குள்ளாகும் குறையை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல் அவர்களுக்கு உண்டு. தம் பொருளில் சேர்த்துக்கொண்ட திறந்தமூலக் கூறில் குறை கண்டால், அதன் பராமரிப்பாளருக்குத் தெரிவிப்பதோடு, தாம் எழுதிய திருத்தம் இருந்தால் அதையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். இக்கடமை 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும்.