பதினைந்தாயிரம் டாலரில் ஒரு கார்வெட்: விலைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

இந்த எபிசோடை என் சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒஹாயோவில் இருந்தபோது ஒரு கார்வெட் வாங்கணும்னு ரொம்ப நாளா எனக்கு ஆசை. மூணு வருஷமா சேர்த்து வைத்தது 15,000 டாலர். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க: "இதுக்குள்ள முடிச்சுக்கோங்க. பொண்ணு காலேஜுக்குச் சேர்த்த பணத்துல மட்டும் கை வைக்கக் கூடாது."

சரின்னு தேட ஆரம்பிச்சேன். ஒரே பெயர் கொண்ட காருக்கு ஒருத்தர் எட்டாயிரம் கேட்கிறார், இன்னொருத்தர் ஒரு லட்சத்துக்கு மேல கேட்கிறார். ஏன் இப்படி? அதற்குப் பதில் எஞ்சினில் மட்டும் இல்லை, அமெரிக்க வரலாற்றிலும் இருக்கு.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோரமா கண்காட்சியில்தான் கார்வெட் முதன்முதலில் மக்கள் முன் வந்தது. வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல். அந்த வருடம் மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் தயாரானவை வெறும் 300 கார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. விலை 3,498 டாலர். பார்க்க அழகு. ஆனா உள்ளே இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். ஸ்போர்ட்ஸ் கார் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். 1954இல் 3,640 கார்கள் செய்தார்கள். அதில் நிறைய விற்காமல் தேங்கின. 1955இல் உற்பத்தி 700ஆகச் சுருங்கியது.

கார்வெட்டின் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஃபோர்டின் தண்டர்பேர்ட் அதே 1955இல் 16,000க்கு மேல் விற்றது. போட்டியாளருக்குக் களத்தை விட்டுக்கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு மனசில்லை. வி8 எஞ்சின் வந்தது. ஜோரா ஆர்கஸ்-டன்டாவ் என்ற பொறியாளர் அதை உண்மையான ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார். 1963இல் ஸ்டிங் ரே வந்தது. அந்த ஒரு வருடம் மட்டும் பின்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னால் வருவது தெரியலைன்னு டன்டாவுக்கு அது பிடிக்கவே இல்லை. அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். இன்னைக்கு லட்சம் டாலருக்கு மேல கேட்கிறது அந்தப் பிரிந்த கண்ணாடிக்குத்தான்.

நம்ம பட்ஜெட் கார் பிறந்தது அதுக்கு அப்புறம். 1968இல் மூன்றாம் தலைமுறை வந்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம். ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடுவதற்காக 1971இலேயே எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1975இல் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தபோது அடிப்படை எஞ்சினின் திறன் 165 குதிரைத்திறன்தான். 1972 முதல் திறனை அளக்கும் முறையே மாறிவிட்டதால் பழைய எண்ணோடு இதை நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் வேகம் குறைந்தது நிஜம்.

ஆச்சரியம் என்னன்னா, வேகம் குறைஞ்சும் விற்பனை குறையலை. 1979இல் மட்டும் 53,807 கார்கள் தயாரித்தார்கள். கார்வெட் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். எண்ணிக்கை அதிகம், எஞ்சின் பலவீனம். இந்த இரண்டும் சேர்ந்துதான் எழுபதுகளின் கார்வெட்டை நமக்கு எட்டுகிற விலையில் வைத்திருக்கு.

நான் முதலில் பார்த்ததும் 1977ஆம் வருட சிவப்புக் கார்தான். பளபளன்னு இருந்தது. "பாடி ஃபைபர்கிளாஸ், துருப்பிடிக்கவே பிடிக்காது"ன்னு விற்றவர் சொன்னார். முன்பணம் கொடுக்கத் தயாராகிட்டேன். நல்லவேளை, ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்த என் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூடக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவர் வெளியே பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. கால் வைக்கிற இடத்துக்குப் பக்கவாட்டில் இருந்த மூடியைக் கழற்றி டார்ச் அடிச்சார். உள்ளே இரும்பு பொடிப்பொடியா உதிர்ந்தது.

விற்றவர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. மேல்பாடி துருப்பிடிக்காதுதான். ஆனா முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கி நிற்கிறது இரும்புக் கூடு. 'பேர்ட்கேஜ்', பறவைக்கூண்டுன்னு சொல்வாங்க. குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிற ஊரில் அது வெளியே தெரியாமலே அரிச்சுப் போகும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு காரின் விலையையே தாண்டிடலாம். அந்த டார்ச் வெளிச்சம் இல்லைன்னா, மனைவிக்குக் கொடுத்த வாக்கு அன்னைக்கே போயிருக்கும்.

அதன்பிறகு 1984இல் தொடங்கிய நான்காம் தலைமுறைப் பக்கம் திரும்பினேன். அதற்கு முந்தின 1983 மாடல் வருடத்தில் கார்வெட்டே விற்பனைக்கு வரவில்லை. சோதனைக்குச் செய்த கார்களில் ஒன்றே ஒன்று கென்டக்கியின் பௌலிங் கிரீன் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கு. 1996 வரை இந்தத் தலைமுறையில் சுமார் 3,58,000 கார்கள் வந்தன. அதனாலதான் இன்னும் மலிவு. 1992 முதல் வந்த எல்டி1 எஞ்சினுக்கு 300 குதிரைத்திறன், அருமையான எஞ்சின். ஆனா அதில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் பம்புக்கு அடியில் இருக்கும். பம்ப் கசிந்தால் அதுவும் போச்சு. அதனால எப்போ பம்ப் மாற்றினாங்கன்னு கேட்காம வாங்காதீங்க.

கடைசியில் நான் வாங்கினது 1991ஆம் வருடக் கார். 245 குதிரைத்திறன், அந்த டிஸ்ட்ரிபியூட்டர் தொல்லை இல்லை. கொடுத்தது 9,000 டாலர். மீதி ஆறாயிரத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். முதல் வருடத்திலேயே டயர், பிரேக், மழைத்தண்ணீர் ஒழுகிய கதவு ரப்பர், இன்சூரன்ஸ் என்று அதில் பாதிக்கு மேல் கரைந்தது. பழைய கார் வாங்குறவங்களுக்கு நான் சொல்ற ஒரே கணக்கு இதுதான்: கையில இருக்கிறதுல மூணில் ஒரு பங்கை வாங்கின பிறகு வர்ற செலவுக்கு ஒதுக்கி வையுங்க.

இது முதலீடு இல்லை, விலை பெரிசா ஏறும்னு நான் எதிர்பார்க்கலை. பொண்ணு காலேஜுக்குப் போன அன்னைக்கு, ஃபீஸ் கட்டின கையோட, அவளை ஹாஸ்டலில் விட்டது இந்தக் காரில்தான். பெட்டிகள் எல்லாம் மனைவி ஓட்டின காரில் பின்னாலேயே வந்தன. கார்வெட்டில் இருக்கிறது இரண்டே சீட்டுதானே!